சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை பெரிது. அதனால் தமிழ்நாட்டுக்கு வந்து சேரும் பொருள் எவ்வளவு?

மயிலை ஆசிரியை (கேள்வி)

வணக்கம். மயிலாப்பூரில் ஒரு மகளிர் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சென்ற மாதம் மாணவிகளை இரண்டு பேருந்துகளில் மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டு, கடற்கரைக் கோயில், ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் பார்த்துவிட்டு, மாலை ஆறரை மணிக்குள் கச்சேரி சாலைக்குத் திரும்பிவிட்டோம். மதியத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் பள்ளியிலிருந்தே பெரிய தூக்குகளில் எடுத்துச் சென்றிருந்தோம். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால், ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மட்டும் தலைக்கு 40 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினோம்.

திரும்பும் வழியில், முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "மிஸ், சுற்றுலாவால மாநிலத்துக்கு வருமானம்னு பாடத்துல இருக்கே, இன்னைக்கு நம்மால மாநிலத்துக்கு என்ன வருமானம் வந்துச்சு?" மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். சீட்டுக்குக் கொடுத்த 240 ரூபாய் மத்திய அரசின் துறைக்குப் போனது. பிள்ளைகள் மாங்காய்க் கீற்றும் அன்னாசித் துண்டும் வாங்கித் தின்றார்கள். சிலர் சங்கு கோத்த சாவிக்கொத்து வாங்கினார்கள். உடன் வந்த ஆசிரியை ஒருவர் சிற்பக்கூடத்தில் உள்ளங்கை அளவு கல் பிள்ளையார் ஒன்று வாங்கினார். இதற்கு மேல் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 2019-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு வந்த உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகள் 49.49 கோடி, வெளிநாட்டவர் சுமார் 68.7 லட்சம் என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. வெளிநாட்டவர் வருகையில் அவ்வாண்டு நாட்டிலேயே நாம்தான் முதலிடம். ஏழரைக் கோடி மக்கள் வாழும் மாநிலத்துக்கு 49 கோடிப் பேர் வந்தார்கள் என்பதற்கு என்ன பொருள்? அந்தத் தலைக்கணக்கிலிருந்து மாநிலத்தின் வருமானத்துக்கு எப்படிப் போவது? இவற்றுள் அரசின் கருவூலத்துக்குச் சேருவது எது, மக்கள் கையில் தங்குவது எது? துறை அறிந்தவர்கள் விளக்கினால் வகுப்பில் பயன்படுத்திக்கொள்வேன். பாடநூலில் இருப்பதுபோல் "அன்னியச் செலாவணி ஈட்டித் தருகிறது, வேலைவாய்ப்பை உருவாக்குகிறது" என்ற இரண்டு வரிகளோடு அந்தப் பெண்ணை உட்கார வைக்க எனக்கு மனமில்லை.

ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர், அண்ணா நகர்

அம்மா, முதலில் அந்த 49 கோடியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அது ஆட்களின் எண்ணிக்கை அன்று, வருகைகளின் எண்ணிக்கை. ஒரு குடும்பம் சென்னையில் ஒரு நாள், காஞ்சிபுரத்தில் ஒரு நாள், மதுரையில் இரண்டு நாள் என்று தங்கினால், ஒவ்வோர் ஊரிலும் அது தனித்தனியே பதிவாகும். இதற்கு வலுவான சான்று வெளிநாட்டவர் கணக்கிலேயே இருக்கிறது. 2019-இல் இந்தியாவுக்குள் வந்து இறங்கிய வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.09 கோடி, இது குடிநுழைவுச் சோதனையில் எண்ணப்படும் உறுதியான எண். ஆனால் அதே ஆண்டில் எல்லா மாநிலங்களும் தத்தம் கணக்கில் காட்டிய வெளிநாட்டவர் வருகைகளைக் கூட்டினால் 3.14 கோடி வருகிறது. அதாவது, வந்த ஒருவரே சராசரியாக மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறார். உள்நாட்டுப் பயணிகளுக்கோ எல்லையில் முத்திரை குத்துவார் யாருமில்லை. ஆகவே அங்கே இந்தப் பெருக்கம் இன்னும் கூடுதலாக இருக்கும் என்பது என் கருத்து.

பெருந்தொற்றுக்குப் பிந்தைய எண்களும் இதையே சொல்கின்றன. 2020-இல் நம் உள்நாட்டு வருகை சுமார் 14 கோடியாகச் சரிந்தது, அதில் வியப்பில்லை. 2023-இல் உள்நாட்டு வருகை சுமார் 28.6 கோடி, வெளிநாட்டவர் வருகை சுமார் 11.7 லட்சம். ஆனால் அதே 2023-இல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவர் சுமார் 95 லட்சம், அதாவது 2019-இன் அளவில் ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு. நாடு அந்த அளவுக்கு மீண்ட பின்னும் தமிழ்நாடு ஆறில் ஒரு பங்குக்கு விழுந்துவிட்டது என்று நம்புவது கடினம்; அந்த 2023-இல் மாநிலங்களின் மொத்தமே 3.14 கோடியிலிருந்து 1.92 கோடியாகக் குறைந்திருப்பதைப் பார்க்கும்போது, எண்ணும் முறையும் பெரிதாக மாறியிருக்கிறது என்றே நான் கொள்கிறேன். தலைக்கணக்கை வைத்துக்கொண்டு முதலிடம், இரண்டாமிடம் என்று பேசுவதை நான் பணியில் இருந்த நாளிலேயே விரும்பியதில்லை. 2021-22-இல் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டவர் மிகுதியாகப் பார்த்த இடம் மாமல்லபுரம் என்று செய்தி வந்தது. தாஜ்மகாலையே முந்திவிட்டது என்றார்கள். எண்ணிக்கை 1.45 லட்சம். மகிழ்ச்சிதான். ஆனால் வெளிநாட்டவர் வருகை நாடெங்கும் முடங்கிக் கிடந்த ஆண்டு அது. அந்த 1.45 லட்சம் பேர் மாமல்லபுரத்தில் எத்தனை இரவு தங்கினார்கள், எங்கே சாப்பிட்டார்கள், என்ன வாங்கினார்கள் என்பதுதான் பொருளாதாரத்துக்கு வேண்டிய செய்தி.

இனி, யார் சுற்றுலாப் பயணி என்ற கேள்வி. நம் பேச்சு வழக்கில் சுற்றுலா என்றால் ஊட்டி, கொடைக்கானல். புள்ளியியலில் அப்படியில்லை. ஒருவர் தாம் வழக்கமாகப் புழங்கும் சூழலை விட்டு, ஓராண்டுக்குக் குறைவாக, போகும் இடத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் நோக்கம் இல்லாமல் போனால் அது சுற்றுலாவாகும். திருவண்ணாமலைக் கிரிவலம், வேளாங்கண்ணித் திருவிழா, நாகூர்க் கந்தூரி, அத்தை மகன் கல்யாணம், ஆயிரம் விளக்கில் மருத்துவம் எல்லாம் இதில் அடங்கும். தேசிய மாதிரி ஆய்வு 2014-15-இல் நடத்திய உள்நாட்டுச் சுற்றுலா ஆய்வில், இரவு தங்கிய பயணங்களில் மிகப் பெரும்பான்மை உற்றார் உறவினரைக் காணச் சென்றவையாகவே இருந்தன. அவர்கள் விடுதியில் தங்குவதில்லை. பெரியம்மா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். பேருந்துக் கட்டணமும் ஒரு கிலோ இனிப்பும்தான் செலவு. பெரிய எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படிச் சிறிய செலவுக்காரர்கள் பெருந்திரளாக இருப்பதால்தான், தலைக்கு இவ்வளவு என்று ஒரு சராசரியை வைத்து 49 கோடியால் பெருக்கினால் கிடைக்கும் விடை நகைப்புக்குரியதாகிவிடும்.

சரியான வழி சுற்றுலாத் துணைக் கணக்கு என்பது. ஐக்கிய நாடுகள் அவை வகுத்த முறை அது. தேசியக் கணக்கில் வேளாண்மை, உற்பத்தி, போக்குவரத்து என்று தனித்தனித் துறைகள் உண்டு. சுற்றுலா என்று ஒரு துறை கிடையாது. கோயம்பேட்டிலிருந்து கிளம்பும் ஒரே பேருந்தில் யாத்திரிகரும் இருப்பார், வேலைக்குப் போகிறவரும் இருப்பார். ஒரே உணவகத்தில் உள்ளூர்க்காரரும் வெளியூர்க்காரரும் சாப்பிடுவார்கள். ஆகவே, பயணிகளிடம் செலவு விவரம் கேட்டு எடுத்த ஆய்வையும் தொழில்களின் உற்பத்திக் கணக்கையும் எதிரெதிரே வைத்து, ஒவ்வொரு தொழிலின் உற்பத்தியிலும் பயணிகள் வாங்கிய பங்கு எவ்வளவு என்று பிரித்தெடுக்கிறார்கள். இந்தியாவில் 2002-03, 2009-10, 2015-16 ஆகிய ஆண்டுகளுக்கு இப்படிக் கணக்கு எடுக்கப்பட்டது. கடைசியாகச் சொன்ன ஆண்டில், நேரடியாகவும் மறைமுகமாகவும் சேர்த்து, நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுற்றுலாவின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடு. வேலைவாய்ப்பில் அதன் பங்கு 12 விழுக்காட்டுக்கும் சற்று மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மாணவிகளிடம் காட்டுங்கள். உற்பத்தியில் 5, ஆட்களில் 12. நிறையப் பேருக்குப் பிழைப்பு தருகிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது குறைவு என்பது அதன் பொருள். மாங்காய்க் கீற்று விற்ற அம்மாவும் அந்த 12-இல் ஒருவர்தான்.

செலவு முழுவதும் வருமானம் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐதராபாத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் காஞ்சிபுரத்துக்கு வந்து 30,000 ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை எடுக்கிறார்கள் என்று வையுங்கள். கடையில் 30,000 விழுந்தது. ஆனால் அந்தப் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வந்தது. சரிகை சூரத்திலிருந்து வந்தது. நெசவாளர் கூலி, சாயமிட்டவர் கூலி, கடையின் வாடகை, ஊழியர் சம்பளம், முதலாளியின் ஆதாயம் ஆகிய இவைதான் தமிழ்நாட்டில் கூட்டப்பட்ட மதிப்பு. மாநில மொத்த உற்பத்தியில் சேர்வது அந்தப் பகுதி மட்டுமே. பிள்ளையாரை எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு: கல்லும் இங்கே, செதுக்கிய கையும் இங்கே. விலை சிறிதாக இருந்தாலும் அதில் ஏறத்தாழ முழுவதும் இங்கேயே தங்கிவிடுகிறது.

ஒரு மாநிலத்துக்கு என்று பார்க்கும்போது இன்னொரு வேறுபாடு மிக முக்கியம். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சென்னைக்காரர் ஒருவர் கொடைக்கானலில் 10,000 ரூபாய் செலவழித்தால், மாநிலத்துக்கு அது புதுப்பணம் இல்லை. சென்னையில் வேறு எதற்கோ செலவாகியிருக்கக்கூடிய பணம் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இடம் மாறியது. பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை. தலைநகரில் குவியும் பணம் மலையூருக்கும் கோயிலூருக்கும் போய்ச் சேர இதைவிட நேரான வழி வேறு இல்லை. அவர் மூணாறுக்குப் போயிருந்தால் அந்தப் பணம் கேரளத்துக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் அது இடமாற்றம்தான். ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள், ராமேசுவரத்தில் தீர்த்தமாட வரும் வடநாட்டார், மாமல்லபுரத்தில் ஒரு வாரம் அறை எடுக்கும் பிரெஞ்சுக்காரர் ஆகியோர் கொண்டுவருவது புதுப்பணம். எதிர்ப்பக்கமும் உண்டு: சென்னை விமான நிலையத்தில் இறங்கி, நேரே திருப்பதிக்கு வண்டி பிடிக்கிறவரின் செலவில் பெரும்பகுதி ஆந்திரத்துக்கு, சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு விரையும் சென்னை இளைஞர்களின் செலவு அந்த ஒன்றியப் பகுதிக்கு. நிகரக் கணக்கு எழுதினால் இவற்றைக் கழிக்க வேண்டும்.

வடபழனி வேன்காரர்

பெரியவர் கொள்கையை விளக்கிவிட்டார். கருவூலத்துக்கு என்ன போகிறது என்று ஆசிரியை கேட்டதற்கு, இருபது ஆண்டுகளாகச் சுற்றுலா வேன் ஓட்டி, இப்போது சொந்தமாக மூன்று வண்டி வைத்திருப்பவன் என்ற முறையில் நான் விடை சொல்கிறேன். எங்கள் பிழைப்பே கும்பகோணம் நவக்கிரகப் பயணம்தான். வெள்ளி இரவு வடபழனியில் கிளம்பி, சனியும் ஞாயிறும் ஒன்பது தலங்களையும் பார்த்துவிட்டு, திங்கள் விடியலில் இறக்கிவிடுவோம். ஒரு வேனில் பன்னிரண்டு பேர்.

முதல் செலவு டீசல். டீசல் ஜிஎஸ்டிக்குள் வராது. மாநிலம் விதிக்கும் மதிப்புக் கூட்டு வரி அப்படியே மாநிலத்துக்குச் சேரும். மாநிலம் ஒரு பயணியிடமிருந்து மிக எளிதாகப் பெறும் வரி இதுதான் என்பேன். நாங்கள் நிரப்பும் ஒவ்வொரு லிட்டரிலும் அது இருக்கிறது. வண்டிக்கு நாங்கள் கட்டும் சாலை வரியும் மாநிலத்துக்கே. சுங்கச்சாவடிப் பணம் அப்படியில்லை. அது தேசிய நெடுஞ்சாலைக் கணக்கு. அடுத்து அறை. 3,000 ரூபாய் அறைக்கு முன்பு 12 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 360 ரூபாய். அதில் சரிபாதி 180 மாநிலத்துக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையான அறைகளுக்கு 5 விழுக்காடாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது வரி 150, மாநிலத்தின் பங்கு 75. பயணிக்கு நல்லது, அறைகள் நிரம்பினால் தொழிலுக்கும் நல்லது. மாநிலத்துக்கோ, முன்பு வந்த அதே வரி வர வேண்டுமானால் இரண்டு மடங்குக்கும் மேலான அறைகள் நிரம்ப வேண்டும்.

கோயிலில் போடும் காசு கருவூலத்துக்குப் போகிறது என்று பயணிகள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்டியல் பணம் அந்தந்தக் கோயிலின் கணக்கில் சேருவது. ஆனால் கோயில் வாசலில் செலவாவதை நான் கண்ணால் பார்க்கிறேன். திருநள்ளாறு புதுச்சேரிக்குச் சேர்ந்த காரைக்காலில் இருப்பதால் அங்கே விழும் பணத்தைப் பெரியவர் சொன்னபடி கழித்துவிடுங்கள். மற்ற எட்டு ஊர்களிலும் அர்ச்சனைத் தட்டு, நெய்விளக்கு, தாமரைப் பூ, எள்ளுப் பொட்டலம், செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குப் பத்து ரூபாய், கட்டணக் கழிப்பறைக்குப் பத்து ரூபாய், வழியில் டிகிரி காபி. கஞ்சனூரில் ஒரு பாட்டி இருக்கிறார். எங்கள் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டால் வெள்ளை மொச்சைப் பொட்டலங்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு வருவார். சுக்கிரனுக்கு உரியது மொச்சை. ஒரு வேன் வந்தால் ஏழெட்டுப் பொட்டலம் போகும். ஜிஎஸ்டிக் கணக்கிலோ விடுதிப் பதிவேட்டிலோ அவர் வரமாட்டார். ஆனால் சுற்றுலா என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு வருமானம் இல்லை. ஊரடங்கின்போது மூன்று வண்டியும் மாதக்கணக்கில் நின்றபோது, எனக்கு வந்த கடன் தவணையைவிட அந்தப் பாட்டியின் நினைப்புதான் அடிக்கடி வந்தது.

வெளியே கசிவதையும் சொல்கிறேன். முன்பு கும்பகோணம் லாட்ஜுக்கு நானே போன் செய்து அறை சொல்லிவைப்பேன்; மேலாளரும் நானும் நேரில் தெரிந்தவர்கள். இப்போது வாடிக்கையாளர்கள் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்துகொண்டு வருகிறார்கள். அறைக்காரருக்கு வரவேண்டியதில் ஒரு நல்ல பங்கு, கும்பகோணத்தைப் பார்த்தே இராத ஏதோ ஒரு நிறுவனத்துக்குத் தரகாகப் போகிறது. பெரியவரே, மாநிலக் கணக்கில் இதையும் கழிக்க வேண்டும் அல்லவா?

ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர், அண்ணா நகர்

கட்டாயம் கழிக்க வேண்டும். கசிவு என்றே நாங்களும் சொல்வோம். உங்கள் வாயிலும் அதே சொல் வந்திருக்கிறது.

ஆயிரம் விளக்கு விடுதி மேலாளர்

மருத்துவத்துக்காகச் சென்னைக்கு வருவோரைப் பெரியவர் ஒரு சொல்லில் தொட்டுவிட்டுப் போனார். எண்ணிக்கையில் இவர்கள் சிறு கூட்டம், செலவில் அப்படியில்லை. கிரீம்ஸ் சாலையை ஒட்டிய தெருக்களில் வந்து பாருங்கள்: பெயர்ப்பலகைகள் வங்காள மொழியில் இருக்கும், மீன்குழம்பும் பருப்பும் வங்காளப் பக்குவத்தில் கிடைக்கும், மருந்துக் கடைப் பையன் வங்காளத்தில் விலை சொல்வான். மேற்கு வங்கம், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வருவோரை நம்பியே இந்தத் தெருக்கள் வளர்ந்தன.

சுற்றுலாப் பயணி ஓரிரவு தங்குவார். எங்களிடம் வருகிறவர் பதினைந்து நாள், ஒரு மாதம் தங்குவார். நோயாளி ஒருவர் என்றால் உடன் இரண்டு பேர். சமையலறையோடு கூடிய அறை கேட்பார்கள். மூன்றாம் நாளே கறிகாய்க் கடையோடு கணக்கு வைத்துக்கொள்வார்கள். பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாள்களில் தியாகராய நகருக்குப் போய்த் துணி எடுப்பார்கள், மெரினாவுக்குப் போவார்கள். உடல் தேறிவிட்டால் ஊர் திரும்புமுன் மாமல்லபுரமும் பார்த்துவிட்டு வருவார்கள். தலைக்கணக்கில் மூன்று என்று எழுதப்படும் அந்தக் குடும்பம், ஆசிரியை அழைத்துச் சென்ற இரண்டு பேருந்துகளைவிடப் பல மடங்கு பணத்தை இந்த ஊரில் விட்டுச் செல்கிறது.

ஆனால் இதிலும் கருவூலத்துக்கு நேரடியாக வருவது குறைவு. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பணம் மருத்துவமனைக்கும், அங்கு வேலை செய்யும் மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்களுக்கும் போகிறது. அவர்கள் இந்த ஊரில் வாழ்வதால் இங்கேயே செலவாகிறது. கருவிகள் பெரும்பாலும் இறக்குமதி. அந்தப் பங்கு வெளியே போய்விடும்.

இன்னொன்று, இந்த வருமானம் எவ்வளவு நொய்மையானது என்பதையும் எழுத வேண்டும். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த பின் விசா வழங்குவது மிகவும் சுருங்கிவிட்டது. எங்கள் விடுதியில் இரண்டாவது மாடி முழுவதும் பூட்டிக் கிடந்தது. மொழிபெயர்ப்பாளராக நோயாளிகளோடு மருத்துவமனைக்குப் போய்வந்த இளைஞர்கள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இங்கே யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை, அறையில் தூய்மை குறையவில்லை, மருத்துவத்தில் குறையில்லை. எங்கோ நடந்த ஒன்று இந்தத் தெருவின் வாடகையை முடிவு செய்துவிட்டது. தொழிற்சாலை என்றால் சரக்கைக் கிடங்கில் வைத்து அடுத்த மாதம் விற்கலாம். விற்காமல் போன ஓர் இரவை எங்கே சேமித்து வைப்பது?

குன்னூரில் பிறந்தவன், இப்போது வேளச்சேரி

எல்லாரும் வரவை எழுதினீர்கள்; செலவுப் பக்கத்தை நான் எழுதுகிறேன். என் பெற்றோர் இன்றும் குன்னூரில்தான் இருக்கிறார்கள். மே மாதத்தில் அவர்களைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டேன். மேட்டுப்பாளையத்தில் தொடங்கும் வண்டி வரிசை மலை முழுக்க நிற்கும். ஒரு முறை என் தந்தைக்கு மூச்சுத்திணறல் வந்து உதகைக்குக் கொண்டுபோகும்போது, இருபது கிலோமீட்டருக்கும் குறைவான வழியில் இரண்டு மணி நேரம் நின்றோம். பிழைத்துக்கொண்டார். அந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோடையில் பயணிகள் கூடும்போதுதான் மலையில் தண்ணீரும் குறைவு. விடுதிகள் லாரித் தண்ணீருக்கு எந்த விலையும் கொடுக்கும். அதே விலையை வீட்டுக்காரரும் கொடுக்க வேண்டியதாகிறது. குப்பை அள்ளும் செலவு நகராட்சிக்கு. அறை வாடகை விடுதிக்கு. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. அடுத்த கோடையில், 2025 ஏப்ரல் 1 முதல், நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பே வைத்தார்கள். வணிகர்கள் கடையடைப்பு நடத்தி எதிர்த்தார்கள். அவர்கள் கவலையும் எனக்குப் புரிகிறது, அந்த இரண்டு மாத வரவில்தான் ஆண்டு முழுவதும் கடை வாடகை கட்டுகிறார்கள். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று கண்டறியச் சென்னை ஐஐடியையும் பெங்களூரு ஐஐஎம்மையும் நீதிமன்றம் பணித்தது. அந்த வேலையைச் செய்யாமல் பயணிகள் எண்ணிக்கை உயர்ந்தது என்று மகிழ்வது, கிணற்றில் ஊற்று எவ்வளவு என்று பாராமல் இறைப்பது போன்றது. 2023-இல் மாநில அரசு சுற்றுலாக் கொள்கை வெளியிட்டு இந்தத் துறைக்குத் தொழில் தகுதி கொடுத்தது. நல்லதே. தொழில் என்றால் கழிவுக்கும் தண்ணீருக்கும் தொழிற்சாலையைக் கேட்பதுபோல் இங்கும் கணக்குக் கேட்க வேண்டும்.

மயிலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. இத்தனை விளக்கமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. கஞ்சனூர்ப் பாட்டியைப் பற்றி எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அவர் வயதென்ன, மொச்சை எங்கே வாங்குகிறார் என்றெல்லாம் கேட்டார்கள்.

ஒரு ஐயம் இருக்கிறது, ஐயா. ஒரு ரூபாய் செலவானால் அது பல மடங்காகப் பெருகும் என்று சுற்றுலா விளம்பரங்களில் வருகிறதே, அந்தப் பெருக்கத்தை ஒன்பதாம் வகுப்புக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர், அண்ணா நகர்

பலகையில் 100 ரூபாய் என்று எழுதுங்கள். பயணி கொடுத்தது. வாங்கியவர் அதில் 40 ரூபாயை அதே மாவட்டத்தில் செலவழிக்கிறார். மீதி வெளியூர்ச் சரக்குக்கும் வரிக்கும் சேமிப்புக்கும் போகிறது. அந்த 40-ஐப் பெற்றவரும் அதே விகிதத்தில் 16 ரூபாயை உள்ளூரில் செலவழிக்கிறார். அடுத்து 6 ரூபாய் 40 காசு. இப்படியே கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் ஏறத்தாழ 167-இல் நின்றுவிடும். உள்ளூரில் தங்குவது 40-க்குப் பதிலாக 60 என்று மாற்றிப் போடச் சொல்லுங்கள். மொத்தம் 250 வரை போகும். பயணி கொடுத்த தொகை மாறவில்லை. உள்ளூரில் தங்கிய பங்கு மட்டுமே மாறியது. இவை கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், ஆய்வு முடிவு அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாவட்டத்துக்கு என்று போட்டால் பெருக்கம் சிறிதாகவும், மாநிலத்துக்கு என்று போட்டால் சற்றுப் பெரிதாகவும் வரும். மாமல்லபுரத்திலிருந்து வெளியேறும் பணம் சென்னையில் வந்து விழுந்தால் மாநிலக் கணக்கில் அது வெளியேறியதாகாது அல்லவா? எந்த எல்லைக்குள் கணக்கிடுகிறோம் என்று சொல்லாமல் மடங்கு மட்டும் சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

மயிலை ஆசிரியை

இன்று மூன்றாம் பாடவேளையில் செய்து பார்த்தோம். பலகையில் மூன்று பத்தி: கருவூலத்துக்குப் போனது, மாநில மக்களிடம் தங்கியது, மாநிலத்துக்கு வெளியே போனது. அன்றைக்கு யார் யார் என்ன செலவழித்தோம் என்று ஒவ்வொருத்தியும் எழுந்து சொன்னாள். டீசல் வரி முதல் பத்தியில் ஏறியது. நுழைவுச் சீட்டு 240 ரூபாயை எங்கே எழுதுவது என்று நீண்ட வாதம். பணம் மத்திய அரசுக்குப் போனாலும் அங்கே புல் வெட்டுகிறவருக்கும் காவலாளிக்கும் அதிலிருந்துதானே சம்பளம் என்று ஒருத்தி கேட்டதால், இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் நடுவில் எழுதி வைத்திருக்கிறோம். எல்லாவற்றிலும் பெரிய தொகை கல் பிள்ளையார்தான். பேருந்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண், புளியோதரையை எடுத்துச் செல்லாமல் அங்கேயே சாப்பிட்டிருந்தால் இரண்டாம் பத்தி என்ன ஆகியிருக்கும் என்று தானாகவே ஒரு தனிக் கணக்குப் போட்டு நோட்டில் காட்டினாள்.

சங்குச் சாவிக்கொத்து மட்டும் எந்தப் பத்தியிலும் ஏறாமல் நிற்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடபழனி வேன்காரர்

அம்மா, மாமல்லபுரத்துக் கடைக்காரர்கள் எனக்குப் பழக்கம் என்பதால் கேட்டுவிட்டே எழுதுகிறேன். சங்கும் சிப்பியும் ராமேசுவரம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து மூட்டையாக வருகின்றன. கோப்பது அந்தக் கடைக்குப் பின்னாலேயே, வீட்டுப் பெண்கள். வளையமும் சங்கிலியும் பாரிமுனையில் மொத்த விலைக்கு வாங்குகிறார்களாம். அது வடக்கே எங்கிருந்தோ வருகிறது. சங்கை இரண்டாம் பத்தியில் எழுதுங்கள், வளையத்தை மூன்றாவதில்.